பெடலை மிதித்தால் பிறக்கும் இசைவு
(சபை வாத்தியக் குழுவினருக்கு ஒரு பாடம்)



இந்த மாதம் நான் எழுதுவது பிரசங்கம் அல்ல, பாடம். பெடல் ஸ்டீல் கிட்டாரில் கார்டு இசைவை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் பாடம். "நம்ம தாம்பரம் பக்கத்துல இந்த வாத்தியத்தை யார் பிரதர் வைச்சிருக்காங்க?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மடியில் வைத்து வாசிக்கிற ஹவாயன் கிட்டார் நம்மில் பலருடைய வீட்டுப் பரணில் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறது. அதை வைத்திருப்பவர்களுக்கும், கீபோர்டு வாசிக்கிற தம்பி தங்கச்சிகளுக்கும் இந்தப் பாடம் உதவும். கடைசிவரை பொறுமையாய் வாசியுங்கள்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

1994-ம் வருஷம். எனக்கு இருபது வயசு. சேலையூரில் ஒரு வீட்டு ஜெபக் கூட்டம். அப்பாவின் பழைய ஹவாயன் கிட்டாரை சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அந்தக் கூட்டத்தில் ஒரு தாயார் தனியாகப் பாடினார்கள். சில மாதங்களுக்கு முன்தான் மகனை அடக்கம் பண்ணியிருந்தார்கள். 5 கட்டை சுருதி, அதாவது ஜி. இரண்டு அடி நன்றாகப் போனது. மூன்றாவது அடியில் பாட்டு ஈ மைனருக்குத் திரும்பியது. என் கிட்டாரோ ஈ மேஜருக்குச் சுருதி சேர்த்தது. நேரான ஸ்டீல் பாரை அதில் எங்கே வைத்தாலும் மேஜர்தான் வரும். நான் யோசிக்காமல் 12-வது ஃபிரெட்டில் வைத்து மூன்று கம்பியையும் மீட்டிவிட்டேன். அந்தத் தாயார் பாடியது ஜி. நான் வாசித்தது ஜி ஷார்ப். அரை ஸ்வரம் உரசியது. அவர்கள் தடுமாறி நின்றுவிட்டார்கள். மீதிப் பாட்டைப் பாடவில்லை.

கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போது என்னிடம் வந்து, "தம்பி, நான் பாடறதுக்கும் நீ வாசிக்கிறதுக்கும் ஒரு இடத்துல ஒத்து வரலப்பா. அழுது அழுது என் தொண்டைதான் போச்சு போல" என்றார்கள். தப்பு என்னுடையது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர்கள் எந்தக் கூட்டத்திலும் தனியாகப் பாடவில்லை. நானும் கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டேன்.

பிரியமானவர்களே, ஒரு தப்பான கார்டு சின்ன விஷயம்தானே என்று நினைக்கிறோம். பாடுகிற ஆத்துமாவுக்கு அது சின்ன விஷயம் அல்ல.

1. இந்த வாத்தியம் எங்கிருந்து வந்தது?

கம்பியின்மேல் உருளையை வழுக்கி வாசிப்பது நமக்குப் புதிது அல்ல. நம்முடைய கோட்டு வாத்தியம், அதாவது சித்திரவீணை, அப்படித்தான் வாசிக்கப்படுகிறது. அதற்கு மெட்டு கிடையாது. 21 கம்பிகள். திருவிடைமருதூர் சகாராம ராவ் போன்ற வித்துவான்கள் அதைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் அது ராகத்துக்கான வாத்தியம், கார்டுக்கானது அல்ல.

கிட்டாரை மடியில் படுக்க வைத்து ஸ்டீலால் வழுக்கி வாசிக்கும் முறை ஹவாய் தீவில் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் பிறந்தது. லாயே ஊரைச் சேர்ந்த ஜோசப் கெகுகு (1874-1932) என்பவரையே அதற்கு முதல்வராகச் சொல்லுகிறார்கள். டாவ் மோ என்ற ஹவாய்க் கலைஞர் 1940-களில் கல்கத்தாவில் தங்கி வாசித்தார், கற்றுக்கொடுத்தார். அதன் பிறகு இந்தியாவில் இந்தக் கிட்டார் நன்றாகப் பரவியது. 1994-ல் விஷ்வ மோகன் பட் கிராமி விருது வாங்கியதும் ஸ்லைடு முறையில் வாசித்த இசைக்குத்தான். நான் பெட்டியை மூடின அதே வருஷம்!

நேரான பாரில் ஒரே வகைக் கார்டுதான் வரும் என்ற குறையைத் தீர்க்க, அமெரிக்காவில் பெடலைச் சேர்த்தார்கள். காலால் மிதித்தால் குறிப்பிட்ட கம்பி மட்டும் இழுபட்டு ஸ்வரம் ஏறும். 1940 வாக்கிலேயே கிப்சன் கம்பெனி அப்படி ஒரு வாத்தியத்தை விற்றது. ஆனால் கம்பி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்து, ஸ்வரம் ஏறுவதை எல்லார் காதிலும் விழவைத்தவர் பட் ஐசக்ஸ். 1954-ல் வெற்றி பெற்ற ஒரு பாட்டில் அதைச் செய்தார். அதைக் கேட்டு மற்ற வாத்தியக்காரர்கள் எல்லாரும் தங்கள் கிட்டாருக்குப் பெடல் மாட்ட ஓடினார்கள்.

நம் ஜனங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஹவுஸ் ஆஃப் காட் என்னும் கறுப்பின மக்களின் பெந்தெகொஸ்தே சபைகளில், ஆர்கனுக்குப் பதிலாக ஸ்டீல் கிட்டாரே ஆராதனையை நடத்துகிறது. 1930-களில் பிலடெல்பியாவில் டிரோமன் ஈசன் என்பவர் ஒரு ஹவாய் ஆசிரியரிடம் இதைக் கற்றார். அவர் தம்பி வில்லி ஈசன் (1921-2005) ஒரே கம்பியில் மனுஷக் குரலைப்போல் வாசித்து ஜனங்களை அழவைத்தார். 1970-களில் சக் கேம்ப்பெல் போன்றவர்கள் அதே ஆராதனைக்குள் பெடல் ஸ்டீலைக் கொண்டுவந்தார்கள். 1997-ல் ஆர்ஹூலி என்ற இசைத்தட்டுக் கம்பெனி அவர்கள் வாசிப்பை வெளியிட்ட பிறகுதான் வெளி உலகத்துக்கு இது தெரிந்தது. அறுபது வருஷம் சபைக்குள்ளேயே வளர்ந்த இசை. அவர்கள் சுருதி சேர்க்கும் முறை நான் கீழே சொல்லுவதிலிருந்து வேறு. ஆனால் பாடுகிறவர்களைத் தாங்கிப் பிடிக்கிற நோக்கம் ஒன்றே.

2. கம்பிகளும் பெடல்களும்

2017-ல் அமெரிக்காவில் இருக்கிற என் அக்கா மகன், பழைய பெடல் ஸ்டீல் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து எங்கள் குரோம்பேட்டை வீட்டில் இறக்கினான். "மாமா, பெட்டியைத் திற. இனிமே சாக்கு சொல்லாதே" என்றான். பத்து கம்பி, மூன்று பெடல், நான்கு முழங்கால் லீவர். முதல் ஒரு மாதம் எந்தக் காலை எங்கே வைப்பது என்றே விளங்கவில்லை.

பொதுவாக உள்ள ஈ நைன்த் சுருதியில் கம்பிகள் இப்படி வரும். நமக்குத் தூரமாய் இருப்பது முதல் கம்பி:

1 - எஃப் ஷார்ப், 2 - டி ஷார்ப், 3 - ஜி ஷார்ப், 4 - ஈ, 5 - பி, 6 - ஜி ஷார்ப், 7 - எஃப் ஷார்ப், 8 - ஈ, 9 - டி, 10 - பி.

3, 4, 5, 6, 8, 10 ஆகிய கம்பிகள் சேர்ந்தால் ஈ மேஜர். இதுதான் அஸ்திபாரம். மற்றவை இடையில் நிரப்ப வருகிறவை.

இடது காலால் மிதிக்கும் பெடல்கள் மூன்று. இடமிருந்து வலமாக:

முதல் பெடல்: 5, 10-ம் கம்பிகளை ஒரு முழு ஸ்வரம் ஏற்றும் (பி, சி ஷார்ப் ஆகும்).
நடுப் பெடல்: 3, 6-ம் கம்பிகளை அரை ஸ்வரம் ஏற்றும் (ஜி ஷார்ப், ஏ ஆகும்).
மூன்றாம் பெடல்: 4, 5-ம் கம்பிகளை முழு ஸ்வரம் ஏற்றும் (ஈ, எஃப் ஷார்ப் ஆகும், பி, சி ஷார்ப் ஆகும்).

முழங்கால் லீவர்களில் இரண்டு முக்கியம். ஒன்று 4, 8-ம் கம்பிகளை அரை ஸ்வரம் ஏற்றும். இதை ஏற்றும் லீவர் என்போம். இன்னொன்று அதே கம்பிகளை அரை ஸ்வரம் இறக்கும். இது இறக்கும் லீவர். வலது கால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் பெடலில் இருக்கும். சில வாத்தியங்களில் பெடல் வரிசை தலைகீழாக இருக்கும். முதலில் மிதித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

3. பாரை அசைக்காமல் ஐந்து கார்டு

இதுதான் பாடத்தின் இருதயம். 5 கட்டை, ஜி மேஜரை எடுத்துக்கொள்ளுவோம். பாரை 3-வது ஃபிரெட்டில், மெட்டுக் கோட்டுக்கு நேர் மேலே வையுங்கள். 4, 5, 6-ம் கம்பிகளை மட்டும் மீட்டுங்கள். அங்கே இருப்பது ஜி, டி, பி. இது ஜி மேஜர். இனி பாரைத் தொடாதீர்கள்.

முதல் பெடலையும் நடுப் பெடலையும் சேர்த்து மிதியுங்கள். டி ஏறி ஈ ஆகும், பி ஏறி சி ஆகும், ஜி அப்படியே நிற்கும். ஜி, ஈ, சி. இது சி மேஜர்.

முதல் பெடல் மட்டும்: ஜி, ஈ, பி. இது ஈ மைனர்.

நடுப் பெடலும் மூன்றாம் பெடலும்: ஏ, ஈ, சி. இது ஏ மைனர். இந்த நேரத்தில் 8, 10-ம் கம்பிகளைத் தொடாதீர்கள். அவை ஏறாமல் பழைய ஸ்வரத்திலேயே நிற்கும்.

பெடல் இல்லாமல் இறக்கும் லீவர் மட்டும்: எஃப் ஷார்ப், டி, பி. இது பி மைனர்.

இனி டி வேண்டுமே? பாரை 5-வது ஃபிரெட்டுக்குத் தள்ளி முதல் இரண்டு பெடலையும் மிதித்தால் டி மேஜர் வரும். அல்லது 3-வது ஃபிரெட்டிலேயே இருந்து, இறக்கும் லீவரையும் நடுப் பெடலையும் சேர்த்து 4, 5, 6, 7-ம் கம்பிகளை மீட்டுங்கள். எஃப் ஷார்ப், டி, சி, ஏ. இது டி செவன்த். ஜி-க்குத் திரும்ப வேண்டும் என்ற ஏக்கம் அதிலேயே இருக்கும். பெடலையும் லீவரையும் மெதுவாக விட்டால், வீட்டுக்கு வந்து சேர்ந்தது போல ஜி மேஜரில் வந்து நிற்கும்.

நம் ஆராதனைப் பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு இவ்வளவே போதும்.

இங்கே ஒரு ரகசியத்தைக் கவனியுங்கள். ஜி-யிலிருந்து சி-க்குப் போகும்போது மூன்று ஸ்வரமும் துள்ளி ஓடவில்லை. ஒன்று நின்றது, இரண்டு மட்டும் பக்கத்து வீட்டுக்கு நடந்தது. நல்ல பாடற்குழுவில் சோப்ரானோ, ஆல்டோ, டெனர் அப்படித்தானே போகிறார்கள்? கீபோர்டு வாசிக்கிற தம்பிகளே, கை முழுவதையும் தூக்கித் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு கார்டுக்கும் பொதுவான ஸ்வரத்தை விரல் விடாமல் பிடித்துக்கொண்டு, மற்ற விரல்களை மட்டும் நகர்த்துங்கள். பாடுகிற ஜனங்கள் அந்தப் பொது ஸ்வரத்தில் சாய்ந்துகொள்வார்கள்.

4. ஒரே கார்டுக்கு மூன்று வீடு

ஜி மேஜர் 3-வது ஃபிரெட்டில் மட்டும் இல்லை. 6-வது ஃபிரெட்டில் முதல் பெடலும் ஏற்றும் லீவரும் சேர்ந்தால் ஜி. 10-வது ஃபிரெட்டில் முதல் இரண்டு பெடலும் சேர்ந்தால் ஜி. 15-வது ஃபிரெட்டில் பெடல் இல்லாமல் மறுபடியும் ஜி, ஒரு ஸ்தாயி மேலே.

4-ம் கம்பியை மட்டும் கேளுங்கள்: 3-ல் ஜி, 6-ல் பி, 10-ல் டி, 15-ல் மேல் ஜி. படி ஏறுவது போல இருக்கும். பாட்டின் மேல் ஸ்வரம் எதுவோ, அது 4-ம் கம்பியில் வரும் வீட்டைத் தெரிந்துகொண்டால் மற்ற இரண்டு கம்பியும் தானாக இசைவு சேர்க்கும்.

5. சுருதி சேர்ப்பதில் ஒரு எச்சரிக்கை

டியூனர் கருவியில் முள் நடுவில் நின்றால் எல்லாம் சரி என்று நினைக்காதீர்கள். ஒரு அரை ஸ்வரத்தை 100 பங்காகப் பிரித்தால், காதுக்கு அதிர்வு இல்லாமல் ஒலிக்கிற மேஜர் மூன்றாம் ஸ்வரம், கீபோர்டில் இருப்பதைவிட சுமார் 14 பங்கு கீழே இருக்கிறது. ஸ்டீல் கிட்டாரில் ஸ்வரம் நீண்டு ஒலிப்பதால் இந்த வித்தியாசம் அப்படியே தெரியும். ஆகவே முதலில் ஈ, பி கம்பிகளைச் சேர்த்துவிட்டு, 3, 6-ம் கம்பிகளைக் காதால் கேட்டுக் கொஞ்சம் இறக்கிச் சேருங்கள். முதல் பெடலை மிதிக்கும்போது 5-ம் கம்பியில் வரும் ஸ்வரத்தையும் அப்படியே. மிதிக்காத ஸ்வரத்தை இடது ஓரத்துச் சாவியிலும், மிதித்த ஸ்வரத்தை வலது ஓரத்துத் திருகிலும் சரிசெய்ய வேண்டும். கூட கீபோர்டு வாசித்தால் அதில் பாதி அளவு இறக்கினால் போதும். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியதுதான்.

3-ம் கம்பிதான் எல்லாவற்றிலும் மெல்லியது. அடிக்கடி அறுந்துபோகும். உபரியாய் நாலைந்து வைத்திருங்கள். நம்ம ஊர் வேர்வைக்கும் ஈரக் காற்றுக்கும் கம்பி துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் துணியால் துடையுங்கள்.

6. பெடல் இல்லாதவர்கள் என்ன செய்வது?

பரணில் ஹவாயன் கிட்டார் வைத்திருக்கிற சகோதரனே, உன்னைத்தான் சொல்லுகிறேன். 1994-ல் எனக்கு யாரும் சொல்லாததை உனக்குச் சொல்லுகிறேன்.

மைனர் வரும் இடத்தில் மூன்று கம்பியை மீட்டாதே. அந்த மைனருக்குச் சொந்தமான மேஜரின் இடத்துக்குப் போய், ஐந்தாம் ஸ்வரத்தை விட்டுவிட்டு இரண்டு கம்பி மட்டும் மீட்டு. ஈ மைனர் என்பது ஈ, ஜி, பி. ஜி மேஜரில் ஜி, பி இரண்டும் இருக்கிறது. 3-வது ஃபிரெட்டில் அந்த இரண்டை மட்டும் வாசி. ஈ ஸ்வரத்தை பேஸ் கிட்டாரோ கீபோர்டின் இடது கையோ கொடுக்கட்டும். ஏ மைனருக்கு 8-வது ஃபிரெட்டில் சி, ஈ. பி மைனருக்கு 10-வது ஃபிரெட்டில் டி, எஃப் ஷார்ப். அவ்வளவுதான்! பாரை அங்கே இங்கே தேட வேண்டியதில்லை. சந்தேகமான இடத்தில் ஒரே கம்பியில் பாடுகிறவரின் ஸ்வரத்தை மட்டும் வாசி. அதுவும் தெரியவில்லை என்றால் கையை எடுத்துவிட்டுக் கேள். மௌனம் யாரையும் தடுமாற வைக்காது.

இந்த வாரத்துக்கு வீட்டுப் பாடம்: ஜி, ஈ மைனர், சி, டி செவன்த், மறுபடியும் ஜி. ஒவ்வொன்றுக்கும் நான்கு தாளம். முதலில் மெதுவாக, வாயால் மேல் ஸ்வரத்தைப் பாடிக்கொண்டே வாசியுங்கள். வாய் பாட முடியாததைக் கை வாசிக்க வேண்டாம். சங்கீதம் 33-ன் ஆரம்பத்தை வாசித்துப் பாருங்கள். கர்த்தருக்கென்று வாசிக்கிறவன் நன்றாய் வாசிக்கவும் வேண்டும் என்பது அங்கேயே இருக்கிறது. ஆவிக்குரிய உற்சாகம் பயிற்சிக்குப் பதில் அல்ல.

7. இருபத்தைந்து வருஷம் கழித்து

ஒன்றரை வருஷம் பழகின பிறகு, 2019-ல் அந்தத் தாயாரைத் தேடிப் போனேன். பெருங்களத்தூரில் மகள் வீட்டில் இருந்தார்கள். எண்பதைத் தாண்டிய வயசு, கட்டிலோடு இருந்தார்கள். வாத்தியத்தைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, கால்களை மாட்டி, சுருதி சேர்த்தேன். வாசிப்பதற்கு முன் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"அம்மா, சேலையூர் கூட்டத்துல அன்னைக்கு தப்பு உங்க தொண்டையில இல்ல. என் கையிலதான். எனக்கு அப்பவே தெரியும். சொல்லாம விட்டுட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்கள். "அத அப்பவே சொல்லியிருக்கலாமேப்பா" என்றார்கள். கோபம் இல்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தை இன்றைக்கும் எனக்குள் இருக்கிறது. நான் ஒரு நிமிஷம் வாய் திறந்திருந்தால், அவர்கள் இத்தனை வருஷம் பாடியிருப்பார்கள்.

3-வது ஃபிரெட்டில் பாரை வைத்து அதே பாட்டை மெதுவாக வாசித்தேன். மூன்றாவது அடி வந்தது. முதல் பெடலை மட்டும் மிதித்தேன். டி ஏறி ஈ ஆனது. ஜி அசையாமல் நின்றது. அந்த ஜி-யைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பாடினார்கள். குரல் நடுங்கியது, ஆனால் சுருதி தப்பவில்லை. மூன்றாவது அடியைத் தாண்டி முடிவுவரைக்கும் பாடினார்கள். சமையலறையிலிருந்து மகள் ஓடி வந்து வாசற்படியில் நின்றுவிட்டார். அடுத்த வருஷம் அந்தத் தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்.

பிரியமானவர்களே, உங்கள் வாத்தியத்தால் யாராவது பாட்டை நிறுத்தியிருக்கிறார்களா? இந்த வாரமே போய்ச் சொல்லிவிடுங்கள். கார்டைச் சரிசெய்ய எனக்கு ஒன்றரை வருஷம் பிடித்தது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல இருபத்தைந்து வருஷம் பிடித்தது.

கர்த்தர் தாமே உங்கள் கைகளையும் காதுகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.